மாத்திரையைத் தவறாக எடுக்கும் பதின்பருவப் பிள்ளையைக் கண்டிப்பது எப்படி?

மகனின் பைக்குள்ளோ மகளின் அலமாரியிலோ காலி மாத்திரை அட்டைகள் கிடைக்கும் நாளில் பெற்றோரின் மனத்தில் முதலில் எழுவது பயம். ஆனால் அது வெளியே வரும்போது கோபமாகத்தான் வருகிறது. கத்துவது, கை ஓங்குவது, கைபேசியைப் பிடுங்குவது, உறவினரைக் கூட்டி நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது எல்லாம் முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிடும். அதன் பிறகு அந்தப் பிள்ளையிடமிருந்து உண்மையை வாங்குவது பல மாத வேலை. இப்படி ஒரு நிலையை முதன்முறையாகச் சந்திக்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் இருப்பவை இரண்டு சிக்கல்கள். மாத்திரை மீதான ஏக்கம், அதை நிறுத்தும்போது வரும் உடல் வேதனை, அதை நாடவைத்த தூக்கமின்மையும் பதற்றமும் மனச்சோர்வும் உடல்நலச் சிக்கல். பொய் சொல்வது, பணம் எடுப்பது, பாட்டியின் மருந்தைத் திருடுவது, மயக்கத்தோடு வண்டி ஓட்டுவது, தம்பிக்கோ நண்பனுக்கோ மாத்திரை கொடுப்பது நடத்தைச் சிக்கல். முன்னதற்குத் தண்டனை கொடுத்தால் பிள்ளை இன்னும் கெட்டிக்காரத்தனமாக மறைக்கக் கற்றுக்கொள்ளும். பின்னதை ‘பாவம், நோயாளி’ என்று விட்டுவிட்டால் வீட்டில் எந்த விதியும் நிற்காது. கண்டிப்பு நடத்தைக்கு, மருத்துவம் உடலுக்கு. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இந்தப் பிரிப்பைக் கைவிடாதீர்கள்.

படி 1: உயிருக்கு ஆபத்து இருக்கிறதா?

விசாரணை பிறகு. முதலில் பிள்ளையின் மூச்சைப் பாருங்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம், மிக மெதுவான அல்லது விட்டுவிட்டு வரும் மூச்சு, தொண்டையில் களகளவென்ற சத்தம், நீலம் பாரித்த உதடுகள், ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, வலிப்பு, கடுமையான குழப்பம், காய்ச்சலோடு உடல் விறைப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருங்கள். மூச்சு நின்றுபோனால், அவசர உதவி மையத்தில் பேசுபவர் சொல்லும் முதலுதவியைத் தொலைபேசியை வைக்காமல் அப்படியே செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாயில் தண்ணீரோ வேறு எதுவுமோ ஊற்றாதீர்கள். ‘தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடவும் கூடாது. மாத்திரை அட்டைகளையும் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு போங்கள், மருத்துவருக்கு அவை பெரிய உதவி.

ஓபியாய்டு வகை (அபினைப்போல் வேலை செய்யும்) வலி மருந்து அளவு மீறியிருந்தால் நலோக்ஸோன் என்ற மருந்து மூச்சைத் திரும்பக் கொண்டுவரும். அது கிடைக்கும் இடங்களில் முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்திருப்பது நல்லது. அதன் வேலை பெரும்பாலும் அரை மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரைதான் நீடிக்கும். உள்ளே போன மருந்து அதைவிட நீண்ட நேரம் இருக்கக்கூடும். ஆகவே பிள்ளை கண்விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

பாராசிட்டமாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் ஆபத்தான மருந்தாக நினைப்பதில்லை. அளவு மீறிச் சாப்பிட்ட பிள்ளை முதல் நாள் முழுவதும் ஒன்றும் நடக்காததுபோல் உலவலாம். கல்லீரல் பாதிப்பு அடுத்த சில நாள்களில்தான் வெளியே தெரியும். இதற்கான மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன், மாத்திரை விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால் மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. பல சளி, இருமல், வலி மாத்திரைகளில் வேறு மருந்தோடு பாராசிட்டமாலும் கலந்திருக்கிறது. போதைக்காக அந்தக் கலவையை அதிகமாக எடுப்பவர்கள் தெரியாமலே கல்லீரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். எத்தனை மாத்திரை என்று உறுதியாகத் தெரியவில்லையா? அறிகுறிக்காகக் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

அன்றே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தில் எடுத்தாயா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் தயங்குகிறார்கள். அப்படி ஆவதில்லை. நேராகக் கேட்பது பெரும்பாலும் பிள்ளைக்கு ஆறுதலாகவே இருக்கும். ஆம் என்றாலும், பதில் சொல்லாமல் மழுப்பினாலும் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

படி 2: எந்த மருந்து, எதற்காக?

மாத்திரை அட்டையில் உள்ள பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பதின்பருவத்தினர் தவறாக எடுக்கும் மருந்துகள் பெரும்பாலும் சில குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். கோடீன், டிரமடால் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகள். அல்பிரசோலம், டயசபாம் போன்ற பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் பென்சோடயசபைன்கள். கவனக்குறைபாட்டுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற தூண்டு மருந்துகள். நரம்பு வலிக்கான பிரீகாபலின். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்துகள். மயக்கம் தரும் ஒவ்வாமை மாத்திரைகள்.

பெயர் ஏன் முக்கியம்? சிலவற்றைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. பென்சோடயசபைன்களை நாள்தோறும் எடுத்து வந்த உடம்பு, அவை ஒரே நாளில் நின்றால் வலிப்பில் விழக்கூடும். ‘இன்றோடு எல்லாம் முடிந்தது’ என்று மாத்திரைகளைப் பறித்துக் கழிப்பறையில் கொட்டும் அப்பா, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே பிள்ளையை ஆபத்தில் தள்ளுகிறார். இவற்றை மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஓபியாய்டை நிறுத்தினால் வியர்வை, உடல் வலி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை வரும். பிள்ளை அப்போது எரிந்து விழுவது திமிரால் அல்ல. அதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடலாம். இந்த மருந்துகளோடு மது சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும்.

அடுத்து, காரணம். இதில் அவசரப்படாதீர்கள். போதைக்காக எடுப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் தேர்வுக்கு முன் விழித்திருக்க, இரவில் தூங்க, மாதவிடாய் வலியைத் தாங்க, நண்பர் கூட்டத்தில் பயமின்றிப் பேச, ஓர் அவமானத்தை மறக்க என்று தொடங்கியவர்களும் நிறையவே இருக்கிறார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தையே சொன்னதற்கு மேல் எடுக்கும் பிள்ளை ஒரு வகை. அதை எடுக்காமல் சேர்த்து வைத்து விற்கும் பிள்ளை வேறு வகை. தூக்கம் வராமல் தவிப்பவனுக்கு மாத்திரையை மட்டும் பறித்தால் தூக்கமின்மை அப்படியே இருக்கும், அவன் வேறொன்றைத் தேடுவான்.

படி 3: வீட்டு மருந்துகளுக்குப் பூட்டுப் போடுங்கள்

உபதேசம் எதையும்விட இது விரைவாகப் பலன் தரும். வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும், தாத்தாவின் தலைமாட்டில் இருப்பவை, கைப்பையில் கிடப்பவை உட்பட, ஒரே இடத்தில் சேர்த்துப் பூட்டுங்கள். எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழைய அறுவை சிகிச்சையில் மிஞ்சிய வலி மாத்திரைகள், காலாவதியானவை ஆகியவற்றை மருந்துக்கடை திரும்பப் பெற்றுக்கொள்ளும் வசதி இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லாவிட்டால், பெரும்பாலான மருந்துகளை யாரும் எடுத்துத் தின்ன முடியாதபடி வீட்டுக் குப்பையோடு கலந்து, உறையில் மூடி அப்புறப்படுத்தலாம். பாட்டிக்கும் சித்தப்பாவுக்கும் இதைச் சொல்லுங்கள், காரணத்தை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பிள்ளைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து இருந்தால் அதை நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு வேளையும் நீங்கள் கையில் கொடுங்கள், உங்கள் முன்னால் விழுங்கட்டும். ‘மாத்திரை என்றாலே வேண்டாம்’ என்று தேவையான சிகிச்சையையும் வெட்டிவிடும் வீடுகள் உண்டு. அது பிள்ளையை இன்னும் மோசமான நிலைக்குத் தள்ளும்.

இணையம் வழியாகவோ நண்பர்கள் மூலமாகவோ வரும் மாத்திரைகளைப் பற்றி ஒன்றை மட்டும் பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: அட்டையில் இருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் மருந்தும் ஒன்றாக இருக்கும் என்ற உறுதி இல்லை. ஃபெண்டனில் என்ற மிக வீரியமான ஓபியாய்டு கலந்த போலி மாத்திரைகள் பல இளம் உயிர்களைப் பறித்திருக்கின்றன.

படி 4: முதல் பேச்சு

பிள்ளை மயக்கத்தில் இருக்கும்போது பேசாதீர்கள். நீங்கள் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் வேண்டாம். மறுநாள் காலை வரை காத்திருப்பதால் எதுவும் கெட்டுவிடாது, உயிராபத்து இல்லை என்று உறுதியாகத் தெரிந்திருந்தால். அம்மாவும் அப்பாவும் முன்னதாகத் தனியே உட்கார்ந்து என்ன சொல்லப்போகிறோம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அடிக்க, மற்றவர் ஒளித்துவைத்துப் பணம் கொடுக்க என்று போனால் பிள்ளை அந்த இடைவெளியில்தான் வாழும்.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். பார்த்ததைச் சொல்லுங்கள், பயத்தைச் சொல்லுங்கள், பிறகு கேளுங்கள். இப்படி:

“உன் பையில் இந்த அட்டைகளைப் பார்த்தோம். எங்களுக்குப் பயமாக இருக்கிறது. உன்னை மாட்டிவைக்க இப்போது கேட்கவில்லை. இது எப்போது தொடங்கியது, எடுத்தால் உனக்கு என்ன கிடைக்கிறது, அதைச் சொல்.”

“எல்லாரும் எடுக்கிறார்கள், நீங்கள்தான் பெரிதுபடுத்துகிறீர்கள்” என்று பதில் வரலாம். அதோடு வாதிடாதீர்கள். “மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. உன்னைப் பற்றித்தான் கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டு மௌனமாக இருங்கள். மௌனம் பெற்றோருக்குக் கடினம், ஆனால் பதின்பருவப் பிள்ளை அந்த மௌனத்தில்தான் வாய் திறக்கும். உண்மை வெளியே வந்தால், அது எவ்வளவு கசப்பாக இருந்தாலும், முதல் வார்த்தை “சொன்னதற்கு நன்றி” என்று இருக்கட்டும். அந்த நொடியில் நீங்கள் வெடித்தால் அடுத்த உண்மை உங்களைத் தேடி வராது.

‘நீ ஒரு போதைக்காரன்’, ‘குடும்ப மானத்தை வாங்கிவிட்டாய்’ போன்ற சொற்களை எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள். கோபத்தில் சொன்னேன் என்று நீங்கள் மறந்துவிடுவீர்கள், பிள்ளை மறக்காது.

படி 5: மருத்துவரிடம் போங்கள்

பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதைப் பெற்றோர் கண்ணால் பார்த்து அளக்க முடியாது. குடும்ப மருத்துவர், குழந்தைநல மருத்துவர், மனநல மருத்துவர் என்று யாரிடம் எளிதாகப் போக முடியுமோ அவரிடம் தொடங்குங்கள். பிள்ளை மருத்துவரோடு தனியாகப் பேச நேரம் கொடுங்கள். “நான் கூடவே இருப்பேன்” என்று பிடிவாதம் பிடித்தால் பாதி உண்மை வெளியே வராது. மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, கவனக்குறைபாடு, பழைய துன்புறுத்தல் ஏதாவது பின்னால் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளை வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள். ‘கிராஃப்ட்’ என்ற குடும்பப் பயிற்சி முறை இதற்காகவே உருவாக்கப்பட்டது. சிகிச்சைக்கு வர மறுப்பவரின் குடும்பத்தினர் தங்கள் பேச்சையும் எதிர்வினையையும் மாற்றிக்கொள்வதன் மூலம் அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவரும் முறை அது.

வீட்டில் சிறுநீர்ச் சோதனைக் கருவி வாங்கி வைப்பதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். என் கருத்து, மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடங்க வேண்டாம். அவை சில மருந்துகளைக் காட்டவே காட்டா; சில சமயம் சாதாரண சளி மருந்தையும் தவறாகக் காட்டிவிடும். தவறான முடிவை வைத்து ஒருமுறை குற்றம் சாட்டிவிட்டால் மீளப் பல நாள் ஆகும்.

படி 6: விதிகளும் விளைவுகளும்

கண்டிப்பு என்று எல்லாரும் கேட்பது இதைத்தான். ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியை யாராவது உங்களிடம் சொல்வார்கள். கேட்காதீர்கள். அடி வாங்கும் பிள்ளை கற்றுக்கொள்வது மாட்டிக்கொள்ளாமல் இருப்பதை மட்டுமே. சிறைச்சாலையைக் காட்டிப் பயமுறுத்துவது போன்ற திட்டங்களும் பிள்ளைகளைத் திருத்துவதில்லை, சில ஆய்வுகளில் நிலைமையை மோசமாக்கியதாகவே தெரிந்திருக்கிறது.

மறுபக்கம், தோழனாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களும் ஏமாந்துபோகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் பெற்றோரின் போக்குகளை ஆராய்ந்தபோது, அதட்டி அடக்கும் வீட்டையும் எதையும் கேட்காத வீட்டையும்விட, அன்பும் உறுதியான எல்லையும் சேர்ந்திருக்கும் வீட்டுக் குழந்தைகள் மேலாக வளர்வதைக் கண்டார்.

விதிகள் நான்கோ ஐந்தோ போதும். பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுங்கள். மீறினால் என்ன என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள், அப்போதுதான் கோபத்தில் நீங்கள் புதுத் தண்டனை கண்டுபிடிக்க மாட்டீர்கள். எடுத்துக்காட்டாக:

மருந்தின் தாக்கத்தில் வண்டியைத் தொடக்கூடாது. தொட்டால் சாவி எங்களிடம். எப்போது திரும்பும் என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்வோம். இதில் மட்டும் பேரம் கிடையாது.

யாருக்கும் மாத்திரை கொடுக்கவோ விற்கவோ கூடாது. மீறினால் ஒரு மாதத்துக்குப் பெரியவர் துணையின்றி நண்பர்களைச் சந்திப்பது இல்லை. கொடுத்தது யாருக்கு என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பிள்ளையின் உயிரும் இதில் இருக்கிறது.

பணமோ மருந்தோ திருடினால் அதைத் திரும்பக் கட்ட வேண்டும், வேலை செய்தோ கைச்செலவிலிருந்தோ. கையில் ரொக்கம் கொடுப்பது நிற்கும். தேவையானதை நாங்கள் வாங்கித் தருவோம்.

எங்கே போகிறாய், யாரோடு, எப்போது திரும்புவாய் என்று சொல்லாமல் வெளியே போகக்கூடாது. மீறினால் அடுத்த வார இறுதி வீட்டில்.

ஆபத்தில் எந்த நேரத்திலும் எங்களை அழைக்கலாம். வந்து கூட்டிக்கொண்டு போவோம், அன்றிரவு ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம்.

மாத்திரை எடுத்ததற்கு என்ன தண்டனை என்று இந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மறுபடி எடுத்தால் மருத்துவச் சந்திப்பு முன்னதாக நடக்கும், சில நாள் கண்காணிப்பு கூடும், தனியாக வெளியே போவது குறையும். “உன்னைத் தண்டிக்க அல்ல, நீ பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக” என்று சொல்லிச் செய்யுங்கள், அந்த எண்ணத்தோடே செய்யுங்கள். தானாக வந்து சொன்னால் எல்லா விளைவும் பாதியாகும் என்பதையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

தண்டனை சிறியதாக, உடனடியாக, ஒவ்வொரு முறையும் தவறாமல் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் கைபேசி கிடையாது என்று அறிவித்துவிட்டு மூன்றாம் நாள் கொடுத்துவிடும் வீட்டைவிட, இரண்டு நாள் என்று சொல்லி இரண்டு நாளும் காக்கும் வீட்டின் வார்த்தைக்குத்தான் மதிப்பு. இழக்க எதுவும் மிச்சமில்லாத பிள்ளைக்குத் திருந்த எந்தக் காரணமும் இருக்காது. உணவு, தூக்கம், படிப்பு, விளையாட்டு, சிகிச்சை, உங்கள் பாசம் ஆகியவற்றை ஒருபோதும் பறிமுதல் பட்டியலில் சேர்க்காதீர்கள். வீட்டைவிட்டு வெளியே போ என்ற மிரட்டலும் வேண்டாம். வெளியே அவனுக்காகக் காத்திருப்பது மாத்திரை விற்பவன்தான்.

நல்லதைக் கவனிப்பது கண்டிப்பில் பாதி. மருத்துவச் சந்திப்புக்குத் தவறாமல் வந்தான், சொன்ன நேரத்துக்குத் திரும்பினாள், கோபம் வந்தும் கதவை அறையவில்லை: அன்றே, குறிப்பாகச் சொல்லிப் பாராட்டுங்கள். ஒரு வாரம் ஒழுங்காகப் போனால் முன்பே பேசிக்கொண்ட சலுகை ஒன்றைக் கொடுங்கள். இது கெடுப்பதல்ல. போதைப் பழக்க சிகிச்சையிலேயே, நல்ல முன்னேற்றத்துக்கு உடனடிப் பரிசு தரும் முறை பலன் தருவதாக ஆய்வுகளில் நிரூபணமாகியிருக்கிறது.

படி 7: எதிர்த்துப் பேசும்போது

பிள்ளை கத்துகிறது, நீங்களும் கத்துகிறீர்கள், அது பொருளை எறிகிறது, நீங்கள் சோர்ந்துபோய் விட்டுக்கொடுக்கிறீர்கள். கத்தினால் விதி தளரும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. விட்டுக்கொடுத்தால் வீடு அமைதியாகும் என்று நீங்கள் கற்றுக்கொள்கிறீர்கள். ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் பல குடும்பங்களைக் கவனித்து விவரித்த சுழல் இது. அடுத்த முறை கத்தல் இன்னும் பெரிதாக இருக்கும்.

இதை உடைக்கக் குரலைத் தாழ்த்துங்கள். விதியை ஒரே ஒரு முறை சொல்லுங்கள், விளைவைச் சொல்லுங்கள், அந்த இடத்தைவிட்டு நகருங்கள். “சாவி என்னிடம் இருக்கும். நீ அமைதியானதும் பேசலாம்.” அவ்வளவுதான். பதிலுக்குப் பதில் பேச ஆரம்பித்தால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். விதி கடுமையாக இருக்கிறது என்று பிள்ளை பிறகு நிதானமாக வந்து சொன்னால், கேட்டு, நியாயமானால் மாற்றுங்கள். கத்திப் பெற முடியாததைப் பேசிப் பெறலாம் என்று அதற்குத் தெரிய வேண்டும். கைகலப்பு வரை போனால், மற்ற குழந்தைகளை அப்புறப்படுத்தி, வெளியே உதவி கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 8: மறுபடி சறுக்கினால்

சறுக்கல் வரலாம். மூளையில் நிதானித்து முடிவெடுக்கும் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது, பழக்கமோ அதைவிட வேகமாக வேர் விடுகிறது. ஒரு முறை தவறினால் ‘எல்லாம் வீண்’ என்று சிகிச்சையை நிறுத்தாதீர்கள். எப்போது, யாரோடு, எந்த மனநிலையில் நடந்தது என்று பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள், எழுதிய விளைவைச் செயல்படுத்துங்கள். இடைவெளிக்குப் பிறகு பழைய அளவு உயிரையே எடுக்கலாம் என்பதைப் பிள்ளைக்கு அப்போதும் நினைவூட்டுங்கள்.

நம்பிக்கையைத் திருப்பிக் கொடுப்பதும் படிப்படியாகத்தான். ஒரு வாரம் சொன்ன நேரத்துக்குத் திரும்பினால் அடுத்த வாரம் ஒரு மணி நேரம் கூடுதல், ஒரு மாதம் நன்றாகப் போனால் கைச்செலவுப் பணம் மீண்டும் கையில் என்று, எதைச் செய்தால் எது திரும்பக் கிடைக்கும் என்பது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். பையைச் சோதிப்பதாக இருந்தால் அதையும் விதியில் எழுதி, பிள்ளையின் முன்னால் செய்யுங்கள். திருட்டுத்தனமாக நாட்குறிப்பைப் படிக்காதீர்கள்.

வீட்டில் தம்பி தங்கை இருந்தால் வயதுக்கேற்ற அளவில் உண்மையைச் சொல்லுங்கள்: அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, சிகிச்சை நடக்கிறது, அவன் கொடுக்கும் எந்த மாத்திரையையும் வாங்காதே. அந்தப் பிள்ளைகளுக்கென்றும் நாளில் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் எல்லாக் கவனமும் ஒருவன் பக்கம் போகும்போது அவர்கள் சத்தமில்லாமல் வாடுவார்கள். பள்ளியில் யாருக்குச் சொல்வது என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவெடுங்கள். நம்பகமான ஓர் ஆசிரியரோ ஆலோசகரோ போதும். நீங்களும் வாரத்தில் ஒரு பொழுதாவது இந்தப் பிரச்சினையைப் பற்றிப் பேசாமல் பிள்ளையோடு எதையாவது செய்யுங்கள், நடக்கவோ, சமைக்கவோ, ஒரு விளையாட்டைப் பார்க்கவோ. அந்த நேரத்தில் மாத்திரை என்ற சொல்லே வர வேண்டாம்.